பனி மேலிருந்து விழுவதில்லை

அந்த நகரத்தில் அவள் முட்டிப் பார்க்காத சுவர் கிடையாது. மணிக்கூண்டுச் சுவர், மருத்துவமனைச் சுவர், ஆற்றுப் பாலத்துக்கு அடியில் யாரும் எட்டிப் பார்க்காத கருங்கல் சுவர் என்று எல்லாவற்றிலும் சிறகனைக் கொண்டுபோய்த் தோளால் இடித்திருக்கிறாள். சுவர் தாங்கினால் அடுத்த சுவர். தாங்காமல் சிறகன் உள்ளே புகுந்துவிட்டால் அது பிழை; எழுதிக் கொடுக்க வேண்டும். வெளிவரப் போகும் ஒரு வீடியோ கேமை முன்கூட்டியே விளையாடி விளையாடி ஓட்டை கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. அலுவலகத்தில் அவளைப் பல்லி என்று கூப்பிட்டார்கள். சுவரை விட்டு நகராதவள், அறையில் இருப்பதே தெரியாதவள். இரண்டுக்கும் சேர்த்து வைத்த பெயர் அது. அவளுக்கும் அதில் வருத்தமில்லை.

சிறகன் அந்த கேமின் நாயகன். முதுகில் மடக்கி வைத்த இறக்கையோடு நகரம் முழுக்கப் பறப்பான். கெட்டவர்களை அடிப்பது அவனுடைய முக்கிய வேலை. நடுநடுவே, விருப்பமிருந்தால் செய்யலாம் என்று சில துணை வேலைகளும் உண்டு. மொட்டை மாடிகளில் கைவிடப்பட்ட ஆய்வுக் கருவிகள் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்ப வேண்டும். புகைபோக்கிகளுக்கு மேலே பறந்து புகையைக் குப்பியில் பிடிக்க வேண்டும். ஆடுகிற பாலத்தின் அதிர்வைக் காதால் கேட்டு அடக்க வேண்டும். தெருவிளக்கின் ஒளியைப் பட்டகத்தில் பிரித்துப் பார்க்க வேண்டும். அடிதடி பிடித்தவர்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள். இயற்பியல் படித்தவள் என்பதால் அந்த வேலைகள் எல்லாம் அவள் தலையில் விழுந்தன.

“செவுத்துல முட்டிக்கறதுக்கு ஒரு பட்டப்படிப்பா?” என்பாள் அம்மா. “நம்ம வீட்லயே நாலு செவுரு இருக்கே. ஓசியிலயே முட்டிக்கலாமே.”

அம்மா கீழே சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். வீடு கடைக்கு நேர் மேலே. நீராவி படிக்கட்டு வழியாக ஏறி வந்து அவர்கள் வீட்டு ஜன்னலில் எப்போதும் கொஞ்சம் படிந்திருக்கும். அந்தக் கண்ணாடியில் விரலால் கணக்குப் போட்டுத்தான் அவள் வளர்ந்தாள்.

ஆய்வு வேலைகளில் சிறகனின் காதுக்குள் ஒரு பெண் பேசுவாள். கேமில் அவளுக்கு டாக்டர் என்று மட்டும்தான் பெயர். எங்கே போக வேண்டும், எதை அளக்க வேண்டும் என்று அவள்தான் சொல்லுவாள். நடிகை வந்து பேசுவதற்கு முன்னால் யாராவது ஒருவர் வசனத்தை வாசித்துப் பதிந்து வைப்பார்கள். டம்மி குரல். கட்டடம் எழும்பும்வரை நிற்கிற சாரம் மாதிரி. கட்டி முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். 'அதிர்வெண்', 'அலைநீளம்' என்பதையெல்லாம் திக்காமல் சொல்ல அலுவலகத்தில் அவள் ஒருத்திதான் இருந்தாள். ஒலிக்காரர் அவளைப் பதிவு அறைக்குள் உட்கார வைத்து, விளக்கை மங்கலாக்கி, தானும் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

“நான் பாக்கல. யாருமே பாக்கல. அவன் காதுல மட்டும் பேசும்மா” என்றார்.

பேசினாள். அலுவலகக் காபி இயந்திரம் தவறான பானத்தைக் கொடுத்தால்கூட வாயைத் திறக்காமல் குடித்துவிட்டுப் போகிறவள், பறக்கிற ஒரு ஆளை அதிகாரம் செய்தாள். 'மேல போங்க. இன்னும் மேல. காத்து உங்களைத் தூக்கும், பயப்படாதீங்க.'

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கேமில் தன் குரல் இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாள். டம்மி என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த நாளைக்குள் கடைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஊரிலிருந்த பெரியம்மாவுக்குத் தொலைபேசியில் போனது. “ஒரு விஞ்ஞானி வர்றா, அவ பேசறது பூரா என் பொண்ணு குரல்தான்” என்று அம்மா சட்டைக் காலரை அழுத்திக்கொண்டே சொல்வதை அவள் படிக்கட்டில் நின்று கேட்டாள். நீராவிக்குள் அம்மாவின் முகம் தெரியவில்லை. பல் மட்டும் தெரிந்தது.

பிறகு நடிகை வந்து பேசிவிட்டுப் போனாள். ஒலிக்காரர் பழைய குரலை எடுத்துவிட்டுப் புதிய குரலை ஏற்றினார். எல்லாம் சரியாக ஏறியிருக்கிறதா என்று ஆய்வு வேலைகளை முதலிலிருந்து முடித்துப் பார்க்கும் பொறுப்பு, வேறு யாருக்கு, பல்லிக்குத்தான்.

நடிகையின் குரலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதுதான் கஷ்டம். பல்லி சிறகனை ஓட்டினாள். முன்பு தான் சொன்ன அதே சொற்கள், வேறு யாருடைய வாயிலிருந்தோ. புகைபோக்கிகளுக்கு மேலே மாலை ஆரஞ்சாக இருந்தது. சிறகன் குப்பியை நீட்டிக்கொண்டு புகைக்குள் நுழைந்து வெளியே வந்தான். பாலம் முனகியது, அவள் கன்ட்ரோலரை மெல்லத் திருப்பி அதே சுருதிக்கு வந்ததும் பாலம் தூங்கிப் போனது. தெருவிளக்கின் மஞ்சள் ஒரே ஒரு கோடாகப் பிரிந்தது. கீழே மனிதர்கள் குடை பிடித்துக்கொண்டு எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வீடு கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். தெருமுனை திரும்பியதும் மறைந்துபோவார்கள். ஆனாலும் போகிற அவசரத்தைப் பார்த்தால், அங்கே யாரோ சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருப்பது போல இருக்கும். ஒவ்வொரு வேலை முடிந்ததும் அந்த மாடிக் கருவியில் ஒரு பச்சை விளக்கு எரியும். ஒவ்வொரு பச்சை விளக்குக்கும் நகரத்தில் தன்னுடைய இடம் ஒன்று அணைகிற மாதிரி அவளுக்குத் தோன்றியது.

கடைசி வேலை வானிலை நிலையத்தின் மாடியில். சிறகன் ஒரு கண்ணாடித் தகட்டை வானத்தைப் பார்க்க வைத்துவிட்டு, அதில் பனி படியும்வரை காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒன்றும் செய்யாமல் இருப்பது. அவளைப் போல ஓட்டை தேடும் டெஸ்டர்கள் இப்படிப்பட்ட இடங்களில் காத்திருப்பதில்லை. அவர்களிடம் கேமின் கடிகாரத்தை வேகமாக ஓடவிடும் வசதி உண்டு. தட்டினால் இரவு சொடக்குப் போடுவதற்குள் முடியும். தகடு நனையும், பச்சை விளக்கு எரியும், அடுத்ததைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

அவளும் வேகத்தைக் கூட்டத்தான் விரலை வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள். இதுதான் கடைசி மாடி. இதற்கு மேல் அந்த நகரத்தில் அவளுக்கு வேலை கிடையாது. அலுவலகமே சாப்பிடப் போயிருந்தது. ஜன்னல் திரைகளுக்கு வெளியே நல்ல வெயில். கணினித் திரைக்குள்ளே சிறகன் இறக்கையை மடக்கிக்கொண்டு, மாடி விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தான். அவள் கன்ட்ரோலரை மேசைமேல் வைத்துவிட்டுக் கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டாள்.

விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஆற்றின் மேல் மூட்டம் எழுந்து பாலத்தின் கால்களை மறைத்தது. பாலம் எதன் மேலும் நிற்காமல் நின்றது. வானம் முழுக்க நட்சத்திரம். சிறகனின் மூச்சு சின்னதாக வெண்புகை விட்டது. இதையெல்லாம் யாரோ உட்கார்ந்து செய்திருக்கிறார்கள், பார்க்க ஆள் வருமா வராதா என்றே தெரியாமல்.

அப்போது காதுக்குள் அவள் பேசினாள். நடிகை இல்லை. அவளே.

'பனி மேலயிருந்து விழறதில்லைங்க. எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. அது இங்கயேதான் இருந்துச்சு, காத்துல, நம்மளச் சுத்தி. கண்ணுக்குத் தெரியல, அவ்ளோதான். ஏதாவது ஒண்ணு நல்லா குளுந்து, அசையாம இருந்தா, அது மேல வந்து ஒக்காந்துக்கும். அவசரப்படாதீங்க. வரும்.'

தகட்டின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லிய வெண்மை பரவியது. பச்சை விளக்கு எரிந்தது.

அவளுக்கு முதலில் மயிர்க்கூச்செறிந்தது. அப்புறம்தான் நினைவு வந்தது. பதிவு அறையில் கடைசியாக ஒலிக்காரர், “இந்த எடத்துல ரொம்ப நேரம் சும்மா இருக்குது. எழுதிக் குடுக்கல. காத்திருக்கறப்ப ஒருத்தர் என்ன பேசுவாங்களோ அதைப் பேசும்மா” என்றிருந்தார். தன் மூச்சுப் பட்டு அறைக் கண்ணாடி மங்கியிருந்ததைப் பார்த்தபடி அவள் ஏதோ பேசினாள். எழுதாத வசனம். அதனால் நடிகைக்குப் போன வசனத் தாள்களில் அது இல்லை. குரல் மாற்றியபோது விடுபட்டுவிட்டது. வேகமாக ஓடும் இரவில் அந்தப் பேச்சு நுழைய இடமே இல்லாததால் ஒருவர் காதிலும் விழவில்லை.

அவள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. கேம் கடைக்குப் போய்விடும். எங்கெங்கோ யார் யாருடைய அறைகளிலோ அவள் பேசிக்கொண்டிருப்பாள்.

ஆனால் விளையாட வாங்குகிறவர்களிடம் வேகமாக ஓடும் கடிகாரம் இருக்காது. யாராவது ஒருவர் அந்த மாடியில் உட்காரத்தான் போகிறார்கள். இடையில் வேறு குரல் வருவதைக் கேட்டுச் சிரிக்கத்தான் போகிறார்கள். முந்தின கேமில் அரசன் முடிசூடும் காட்சியில் எங்கேயோ ஒரு நாய் குரைத்தது. அது ஒலிக்காரர் வீட்டு நாய். வீட்டில் வைத்துப் பதிந்த டம்மி ஒலி ஒன்று அப்படியே தங்கிவிட்டது. இன்றுவரை அவரைப் பார்த்தால், “நாய் ராஜா வர்றாரு, எழுந்திரிங்கப்பா” என்பார்கள். அவரும் கூடவே சிரிப்பார். சிரித்துவிட்டுப் பதிவு அறைக் கதவைச் சாத்திக்கொள்வார்.

அன்று சாயங்காலம் அவள் மேலே வீட்டுக்குப் போகாமல் கடைக்குள் போய் உட்கார்ந்தாள். அம்மா ஒரு வெள்ளைச் சட்டையின் கையை நீவிக்கொண்டிருந்தாள்.

“என்னடி, மொகம் இஸ்திரி போடாத துணி மாதிரி இருக்கு?”

“அந்த டாக்டர் நான் இல்லம்மா. வேற ஒருத்தங்க பேசிட்டாங்க. என்னோடது சும்மா தற்காலிகம். அப்பவே தெரியும் எனக்கு.”

இஸ்திரிப் பெட்டி நின்ற இடத்திலேயே ஒரு பெருமூச்சு விட்டது. அம்மா அதை எடுத்து நிறுத்தி வைத்தாள்.

“நல்லா பேசறாளா?”

“ரொம்ப நல்லா பேசறாங்க.”

“உன்னைவிடவா?”

“ம்.”

“உன்னைவிட நல்லா பேசறதுக்குப் பெருசா என்ன வேணும்? நீதான் பேசறதே இல்லையே.” அம்மா அடுத்த கையைப் பிரித்தாள். “இப்ப உங்க பெரியம்மாகிட்ட நான் என்னத்தச் சொல்லுவேன்? அவ அந்தத் தெருவுக்கே சொல்லி வெச்சிருப்பா.”

“ஒரே ஒரு எடத்துல இருக்கேம்மா. தப்பிப் போயி. நாளைக்கு நான் சொல்லிட்டா அதையும் எடுத்துருவாங்க.”

“சொல்லலேன்னா?”

“ஒலிக்கார அண்ணன் மாட்டிக்குவாரு.”

அம்மா ஏற்கெனவே தேய்த்த காலரை மறுபடியும் தேய்த்தாள். நீராவி எழுந்து இருவருக்கும் நடுவில் நின்றது.

“அந்த நாய் வெச்சிருக்கவரா?”

“ஆமா.”

“அப்ப சொல்லிரு” என்றாள் அம்மா. “பெரியம்மாவ நான் பாத்துக்கறேன்.”

காலையில் ஒலிக்காரர் அவள் சொன்னதைக் கேட்டு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். “தெய்வமே. நீ நல்லாருப்பே பல்லி. இன்னொரு நாய் ஆயிருக்கும்.” கோப்பைத் தேடித் திறந்தார். அதன் அலைவடிவம் திரையில் சின்னச் சின்ன மேடுகளாக விரிந்தது. அழிப்பதற்கு விரல் போனது.

“அழிக்காதீங்கண்ணா.”

இருவருமே திடுக்கிட்டார்கள். சொன்னவளுக்குத்தான் அதிகம்.

“அந்த மாடிகள்ல கருவி எல்லாம் இருக்குல்ல...” அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “யாரு வெச்சாங்கன்னு கேம்ல எங்கயுமே சொல்லல. யாரோ வெச்சுட்டுப் போயிருக்காங்க. இது... அவங்க பேசறதா இருக்கலாம். டாக்டர் இல்ல. அவங்களுக்கு முன்னாடி இருந்தவங்க. கருவில பதிஞ்சு கிடந்தது, யாராச்சும் காத்திருந்தா மட்டும் கேக்கும்.”

ஒலிக்காரர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மறுபடி கேட்டார். கழற்றினார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் போயி சொன்னா, பண்ண தப்ப மூடி மறைக்கறான்னு ஆயிரும். நீதான் சொல்லணும். கேப்டன்கிட்ட. இப்ப கூட்டத்துல.”

கேப்டன் என்பது அந்தக் குழுவின் தலைவி. காலைக் கூட்டத்தில் யாரையும் உட்கார விடமாட்டாள். உட்கார்ந்தால் பேச்சு நீளுமாம். எல்லாரும் காபிக் கோப்பையோடு அரைவட்டமாக நிற்பார்கள். தன் முறை வந்தால் பல்லி வழக்கமாக, “ஒண்ணும் இல்ல” என்பாள். பக்கத்தில் நிற்பவர் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லுவார்.

அன்று அவள் ஒன்றும் இல்லை என்று சொல்லவில்லை. ஒன்று இருக்கிறது என்றும் சொல்ல வரவில்லை. பிறகு தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து, ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஒலிபெருக்கியைப் போட்டாள். வானிலை நிலையத்தின் மாடி திரையில் வந்தது. சிறகன் தகட்டை வைத்தான். உட்கார்ந்தான்.

“என்ன பாக்கணும் இதுல?” என்றாள் கேப்டன். “வேகத்தைக் கூட்டும்மா. எனக்கு வேற வேலை இருக்கு.”

“கூட்டினா வராதுங்க.”

பக்கத்தில் நின்றவர் திருப்பிச் சொல்லத் தேவைப்படவில்லை. கேப்டன் அவளைப் பார்த்தாள். பிறகு, அந்த அலுவலகத்தில் முதன்முறையாக, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

நின்றிருந்தவர்கள் முதலில் கால் மாற்றினார்கள். ஒருவன் இருமினான். இன்னொருவன், “தூக்கம் வருதுடா” என்று முணுமுணுத்தான். அப்புறம் அதுவும் நின்றது. விளக்குகள் அணைந்தன. மூட்டம் பாலத்தின் கால்களை எடுத்துக்கொண்டு போனது. அந்த மூட்டத்தை வரைந்த பையன் வாயைத் திறந்தபடி நின்றான். அவனே அதை முழுதாகப் பார்த்ததில்லை. காபிக் கோப்பைகளில் ஆவி அடங்கியது. அறை கொஞ்சம் குளிர்ந்த மாதிரி இருந்தது.

குரல் வந்தது. பேசியது. நின்றது. தகடு வெண்மையானது.

“யாருப்பா இது?” என்றாள் கேப்டன். உண்மையிலேயே யாருக்கும் தெரியவில்லை. இத்தனை நாள் கூடவே வேலை செய்தவர்கள், அன்றுவரை அவள் ஒரு முழு வாக்கியம் பேசிக் கேட்டதில்லை; டம்மி குரல் இருந்தபோது அந்த வேலைகளை ஆடிப் பார்த்ததும் அவள் மட்டும்தான்.

“நான்தான்” என்றாள். பிறகு ஒலிக்காரரிடம் சொன்னதையெல்லாம் சொன்னாள். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. விடுபட்டுப்போனது என்பதையும் மறைக்கவில்லை.

கேப்டன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். “யோசனை நல்லாருக்கு. ஆனா புதுசாப் பேசிப் பதியணும். பின்னாடி ஏசி சத்தம் கேக்குது.”

பதிவு அறைக்குள் உட்கார்ந்து அன்று முழுக்கப் பேசிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அது ஒப்புவிக்கிற மாதிரி வந்தது. இப்போது அவளுக்குத் தெரியும், ஊரே கேட்கப் போகிறது என்று. அம்மா கேட்கப் போகிறாள், பெரியம்மா கேட்கப் போகிறாள். கண்ணாடியில் மூச்சுகூடப் படியவில்லை. கடைசியில் ஒலிக்காரர் எழுந்து கேப்டனிடம் போனார்.

“பழசையே வெச்சுக்கலாம்.”

“ஏசி?”

“அது ஏசி இல்லீங்க. மொட்டை மாடிக் காத்து. அன்னைக்கு நாயைச் சிங்கம்னு சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பேன், வாய் வரல. இன்னைக்குச் சொல்றேன், இது காத்து.”

கேப்டன் சிரித்துவிட்டாள். அறையில் யாரோ, “பல்லியே கத்திருச்சு, இனிமே மறுபேச்சு உண்டா?” என்றார்கள்.

“அந்தப் பொண்ணுக்கு கேம்ல ஒரு பேரு வேணுமே” என்றாள் கேப்டன்.

“வேணாங்க” என்றாள் அவள். “வெச்சுட்டுப் போனவங்க. அது போதும்.”

கேம் வெளிவந்த பிறகு ஒரு விடுமுறை மதியம், கடைக் கதவை இறக்கிவிட்டு அம்மா மேலே வந்தாள். பெரியம்மாவைத் தொலைபேசியில் பிடித்து, ஒலிபெருக்கியில் போட்டு, தலையணைமேல் சாய்த்து வைத்தாள். மகள் சிறகனை ஓட்டிக்கொண்டு போனாள். புகைபோக்கிகள், பாலம், மஞ்சள் விளக்குகள். ஒவ்வொரு கூரையைத் தாண்டும்போதும் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். வானிலை நிலையத்தில் அவனை இறக்கி, தகட்டை வைத்து, கன்ட்ரோலரை அம்மாவின் கையில் கொடுத்தாள்.

“எதை அமுக்கணும்?”

“எதையும் அமுக்கக் கூடாது.”

“இவ்ளோதானா? இது எனக்கு வருமே.” அம்மா அதைச் சூடான இஸ்திரிப் பெட்டி மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“என்னடி, ஒண்ணையும் காணோம்?” என்றது தலையணை. “பேச்சே வரலையே. கரெண்டு போச்சா?”

“கொஞ்சம் இரு, அக்கா. பனி விழணுமாம்.”

“அது எப்ப விழும்?”

“எனக்கென்ன தெரியும்? பேசாம இரு. அவ வருவா.”

திரையில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. வெளியே தெருவில் வண்டி ஒன்று போய் ஓய்ந்தது. பெரியம்மாவின் மூச்சு தொலைபேசியில் கேட்டது. மகள் ஜன்னலோரம் போய், அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கண்ணாடியில் நேற்றைய நீராவி இன்னும் கொஞ்சம் இருந்தது. அவளுடைய காது சூடாகிச் சிவந்தது. ஆனால் அறையை விட்டு ஓடவில்லை.

'பனி மேலயிருந்து விழறதில்லைங்க' என்று திரையிலிருந்து அவள் பேசத் தொடங்கினாள்.

தலையணையிலிருந்து சத்தமே இல்லை. குரல் போய்க்கொண்டே இருந்தது. தகட்டில் வெண்மை படர்ந்து, திரையே விளிம்புவரை மங்கியது. நீராவியைத் துடைத்துத் துடைத்து வந்த வாழ்நாள் பழக்கத்தில், அம்மா தன்னையறியாமல் கன்ட்ரோலரை வைத்துவிட்டு எழுந்து, புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு தொலைக்காட்சிக் கண்ணாடியைத் துடைக்கப் போனாள். பக்கத்தில் போனவள் கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். துடைக்காமல், அது அப்படியே இருக்கட்டும் என்பது போல, அங்கேயே நின்று கேட்டாள்.